பிரேக் மிதித்த கால்

மஞ்சக்குட்டை
8.12.2024

அன்புள்ள தம்பி மாதேஷுக்கு,

அக்கா புஷ்பலதா எழுதுகிறேன். அம்மாவும் நானும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். மழைக்கு அம்மாவின் முட்டிவலி அதிகமாகி, வெயில் எட்டிப் பார்த்ததும் குறைந்திருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? போர்வெல் புழுதியில் நின்று இருமல் ஏதும் பிடித்துக்கொள்ளவில்லையே?

உன்னைப் போல ரிக் வண்டியோடு வடக்கே போன நம்ம ஊர் ஆட்கள் எல்லோரும் வீடியோவில் முகம் காட்டுகிறார்கள். நீ மட்டும் போனை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போனாய். மாதத்துக்கு ஒருதரம் மேனேஜர் செல்லப்பன் அண்ணன் போனில் அம்மாவைக் கூப்பிடுகிறாய். "நல்லாருக்கறன், சாப்பிட்டன்" என்கிறாய். நான் வாங்கிக் காதில் வைத்தால் லைன் போய்விடுகிறது. அது எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியும். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. அதனால்தான் செல்லப்பன் அண்ணனிடமே முகவரி கேட்டு வாங்கினேன்.

விஷயம் இதுதான். நான் ஒரு கார் வாங்கப் போகிறேன். பழைய வண்டி. ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, மேலே துணிக் கூரை. ஜீப் ஓட்டும் பொன்னுவேல் கேள்விப்பட்டு, "ஏனுங்கக்கா, அதுல ஒரு மூட்டை மொளகு ஏத்த முடியுமா?" என்றான். "முடியாது. அதனாலதான் வாங்கறன்" என்றேன்.

நீ வருடக்கணக்கில் வண்டி ஓட்டியவன். பழைய வண்டியை வாங்குமுன் எந்தெந்தக் காகிதத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும்? ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் எப்போது பார்த்தார், எங்கே அடிபட்டது, என்ன மாற்றினார்கள் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா புஷ்பலதா

—

பிலாஸ்பூர் கேம்ப்
2.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாதேஷ் எழுதிக்கொண்டது. உடம்பு நன்றாக இருக்கிறது. அம்மாவை மழைக்காலத்தில் தோட்டத்துச் சரிவில் இறங்க விடாதே. வலிக்கிறது என்று அவளாகச் சொல்லமாட்டாள்.

ரிக் ஊர் ஊராகப் போவதால் உன் கடிதம் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தது. செல்லப்பன் அண்ணன் கொடுக்கும்போது, "உங்கக்கா கையெழுத்துலயே கோவம் தெரியுதுடா" என்று சிரித்தார்.

உனக்கு என்ன ஆயிற்று? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரக்கூடப் பயப்படுகிறவள் நீ. ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு? அதுவும் பழசு. பார்ட்ஸ் கிடைக்காது, நம்ம ஊர் ரோட்டில் அடி தட்டும். வேண்டாம். ஆனால் நான் சொல்லி நீ எதைக் கேட்டாய்?

அப்படியே வாங்குவதென்றால் கேட்டுக்கொள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு மறுபடி இன்ஸ்பெக்டரிடம் காட்டி எஃப்.சி. வாங்கியிருக்க வேண்டும். ஓடத் தகுதியான வண்டி என்கிற சான்று அது. அது மட்டும் போதாது. இன்ஸ்பெக்டர் பார்த்த அன்றைக்கு வண்டி எப்படி இருந்தது என்றுதான் அதில் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்தார்கள் என்பது ஒர்க்‌ஷாப் பில்லில் இருக்கும். விற்கிறவனிடம் பில் எல்லாம் காட்டச் சொல். தேதியை வரிசையாக அடுக்கிப் பார். இன்சூரன்ஸ் பணம் எப்போது எதற்கு வாங்கினார்கள் என்று கேள். மழையில் நின்ற வண்டி என்றால் கீழே குனிந்து பிரேக் பைப்பைப் பார்க்கச் சொல். மலையில் வேறு எது கெட்டாலும் சமாளிக்கலாம்.

யாருடைய வண்டி? எந்த வருடம்? நீ எழுதவில்லையே.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

மாதேஷ்

—

மஞ்சக்குட்டை
19.1.2025

என் தம்பி மாதேஷுக்கு,

அக்கா எழுதுகிறேன். பொங்கலுக்கு உனக்கும் சேர்த்து இலை போட்டாள் அம்மா. காப்பிப் பழம் பறிப்பு முடியப்போகிறது. உன் உடம்பு நலம் என்று படித்து நிம்மதி.

நீ சொன்னபடியே செய்தேன். சேலத்தில் பழைய கார் வியாபாரம் செய்யும் ஹரிஹரன் என்பவர் கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும், "வாங்க அம்மணி, சாரு வரலீங்களா?" என்றார். "நான்தாங்க சாரு" என்றேன். அதன்பிறகு நாற்காலி போட்டார்.

யாருடைய வண்டி என்று கேட்டிருந்தாய். சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த வண்டிதான். ஏரிப் பக்கம் ஓட்டல் வைத்திருக்கும் ராஜேந்திரனின் சிவப்பு வண்டி. நீ அவரிடம் டிரைவராக இருந்தபோது ஓட்டிய வண்டி. இரண்டு வருடத்துக்கு முன்னால் நாகலூர் வளைவில் தெரசம்மாளின் காலைச் சுவரோடு நசுக்கிய வண்டி.

இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடாதே. முழுக்கப் படி.

பிரேக் பிடிக்கவில்லை என்று நீ சொன்னாய். யாரும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் பார்த்து பிரேக்கில் குறையில்லை என்று எழுதினார். ராஜேந்திரன் வைத்துக் கொடுத்த வக்கீல், குற்றத்தை ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும் என்றார். நீ ஒத்துக்கொண்டாய். உன் லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். ஊர் உன்னைக் குடிகாரன் என்றது. நீ போய்விட்டாய்.

ராஜேந்திரன் வண்டியை விற்றுவிட்டார் என்று போன மாதம் கேள்விப்பட்டபோது ஒன்று தோன்றியது. குற்றவாளியின் அக்காவாகப் போய்க் கேட்டால் ஒருவனும் ஒரு காகிதத்தையும் காட்டமாட்டான். வாங்க வந்தவள் கேட்டால் எல்லாம் காட்டித்தானே ஆக வேண்டும்?

ஹரிஹரன் காட்டினார். எஃப்.சி. இருந்தது. ஆக்சிடென்டுக்குப் பிறகு இன்ஸ்பெக்டர் கொடுத்த அறிக்கையின் நகல் இருந்தது. ஒர்க்‌ஷாப் பில்லும் இருந்தது. நீ சொன்ன மாதிரி தேதியை வரிசையாக அடுக்கினேன். பிரேக் பைப், சிலிண்டர் எல்லாம் மாற்றிய பில் ஆக்சிடென்டுக்குப் பிறகு வருகிறது. இன்ஸ்பெக்டர் பார்த்தது அதற்கும் பிறகு.

ஒன்றும் தெரியாதவள் போல, "அடிபட்ட வண்டியாங்க? பிரேக்கு சரியா இருக்குமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் பெருமையாகச் சொன்னார்: "பிரேக்கப் பத்தி நீங்க கவலையே பட வேண்டாமுங்க. பழைய பைப்பு துருப்பிடிச்சு வெடிச்சிருச்சு. இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள ஓனரு ராவோட ராவா எல்லாத்தையும் புதுசு போட்டுட்டாரு. நொம்ப வெவரமான ஆளு. இத்தன செலவு பண்ணுன வண்டி உங்களுக்கு எங்கயும் கெடைக்காதுங்க."

பில்லில் இருந்த ஒர்க்‌ஷாப் பெயரை மனதில் பதித்துக்கொண்டேன். "ஓட்டுனவருக்கு என்னாச்சுங்க?" என்றேன். "அது யாரோ மலைக்காரப் பையனுங்க. தெரியல" என்றார்.

நீ கையை ஒடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் இதைச் செய்திருக்கிறார்கள், தம்பி.

உடனே பதில் எழுது.

உன் அக்கா
புஷ்பலதா

—

கேம்ப்
20.2.2025

அக்காவுக்கு,

நலம். அம்மாவைப் பார்த்துக்கொள்.

அந்த வண்டியை வாங்காதே. அந்தக் கடைக்கும் இனிமேல் போகாதே. அது முடிந்துபோன விஷயம். தெரசம்மாள் அக்காவின் கால் எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் திரும்ப வராது. இதைப் பற்றி இனி எழுதினால் நான் படிக்கமாட்டேன்.

மாதேஷ்

—

மஞ்சக்குட்டை
4.3.2025

தம்பி மாதேஷுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். படிக்கமாட்டேன் என்றாய். படிக்காவிட்டால் செல்லப்பன் அண்ணனைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லி உறையின் மேலேயே எழுதியிருக்கிறேன். அவர் படிப்பார்.

வண்டியை வாங்கிவிட்டேன்.

தோட்டத்தின் மேல்புறம் நின்ற சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றேன். மரம் என் பங்கு. யாரையும் கேட்கவில்லை. அம்மா மட்டும், "வெறும் காகிதத்த மட்டும் வாங்கிட்டு வர முடியாதா?" என்றாள். முடியாது என்று அவளுக்குச் சொன்ன காரணத்தை உனக்கும் சொல்கிறேன்.

அந்த பிரேக்கை மாற்றிய மெக்கானிக்கைத் தேடிப் போனேன். பெயர் தனபால். சேலத்தில் சின்ன ஒர்க்‌ஷாப். நான் யாரென்று மறைக்காமல் சொன்னேன். கிரீஸ் கையைத் துடைத்தார். பிறகு, "எங்கிட்ட யாருமே கேக்கலீங்க. போலீசும் கேக்கல, வக்கீலும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பன்" என்றார்.

"இப்ப நான் கேக்கறன். தெரசம்மாளு ராஜேந்திரன் மேல நஷ்டஈட்டுக்குப் போட்ட கேசு இன்னும் கோர்ட்டுலதான் இருக்குது. அங்க வந்து சொல்லுவீங்களா?"

"நான் சொன்னன்னா மலைமேல இருந்து ஒரு வண்டி எனக்கு வராதுங்க அம்மணி. எல்லா ஓட்டல்காரரும் ஒண்ணுதான்."

"என் வண்டி வரும்" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். "அந்தச் செவப்பு வண்டிய நான் வாங்கறன். ஆயுசுக்கும் உங்ககிட்டதான் கொண்டு வருவன். எந்த ஓட்டல் முன்னாடியும் நிறுத்தி, இது தனபாலு பாக்கற வண்டின்னு சொல்லுவன்." விளையாட்டாகச் சொல்லவில்லை என்று அவருக்கும் தெரிந்தது. வருகிறேன் என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றார்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த வண்டி வேறு யார் கைக்காவது போய் மாநிலம் தாண்டிவிட்டால், கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. நம்ம வாசலில் நின்றால் பார்க்கிறவன் எல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறேன். சொல்லிக் கொடுப்பவர் முதல் நாள், "இந்த வயசுல எதுக்குங்க?" என்றார். இரண்டாம் நாள் கேட்கவில்லை.

பதில் போடு சாமி.

அக்கா

—

மஞ்சக்குட்டை
10.4.2025

மாதேஷ் கண்ணுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? கடிதம் இல்லை. அம்மாவுக்குப் போனும் வரவில்லை. செல்லப்பன் அண்ணனைக் கூப்பிட்டேன். "சாப்பிடறான், வேலை செய்யறான், யாரோடயும் பேசறதில்ல" என்றார். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

ராஜேந்திரன் வீட்டுக்கு வந்தார். பொன்னுவேல் ஓட்டிவந்து நிறுத்திய வண்டி வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். அம்மாவுக்கு ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். குரலை உயர்த்தவேயில்லை.

"புஷ்பலதா, இது உனக்கு எதுக்கும்மா? நானே திரும்ப எடுத்துக்கறன். மாதேஷு எனக்கு மகன் மாதிரி. நடந்தத மறந்துட்டு மறுபடி வரச் சொல்லு, வேல போட்டுத் தர்றன்."

"நீங்க வித்த வண்டிங்க. வாங்குனவ ஓட்டறன். அதுல என்னங்க இருக்குது?" என்றேன்.

"ஊருல ஏதேதோ பேசறியாம்."

"ஏதேதோ இல்லீங்க. ஒண்ணுதான் பேசறன். துருப்பிடிச்ச பிரேக்க எதுக்கு ராவோட ராவா மாத்துனீங்கன்னு."

அவர் எழுந்துவிட்டார். அம்மா ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போய், அவர் காருக்குள் வைத்துவிட்டு வந்தாள். அம்மாவை உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தவரிடம் அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

லைசென்ஸ் வாங்கிவிட்டேன். மலையில் இன்னும் ஓட்டவில்லை. மலையில் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

அன்புடன்
அக்கா

—

ராய்கர் பக்கம் ஒரு கிராமம்
28.4.2025

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

இருவர் நலமும் வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்து பல தடவை எழுந்துவிட்டேன்.

ராஜேந்திரன் ஆப்பிளோடு வந்தார் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். என்னையும் அப்படித்தான் ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தார். தினமும் வந்தார். திட்டவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தார். "டேய் மாதேஷு, பயத்துல நீ பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சிட்டடா. அதான் நடந்துது. மனுசனுக்கு நடக்கறதுதான்" என்று சொல்வார். முதல் நாள் இல்லை என்றேன். மறுநாளும் இல்லை என்றேன். பிறகு பேசாமல் இருந்தேன். பிறகு, அப்படித்தான் இருக்குமோ என்று தோன்ற ஆரம்பித்தது.

யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். நான் ஒத்துக்கொண்டது வக்கீலுக்காக இல்லை. என் கால் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை, அக்கா. கண்ணை மூடினால் வளைவு தெரிகிறது, தெரசம்மாள் அக்கா தெரிகிறார், கால் தெரியவில்லை.

நான் இங்கே வண்டி ஓட்டுவதில்லை. லைசென்ஸ் நிறுத்திய காலம் எப்போதோ முடிந்துவிட்டது. செல்லப்பன் அண்ணன் எத்தனையோ தடவை சாவியை நீட்டினார். பைப் தூக்குகிறேன், சேறு அள்ளுகிறேன். டிரைவர் சீட்டில் உட்காரமாட்டேன். அதனால்தான் நீ மலையில் ஓட்டுவதற்கு யோசனை கேட்டபோது உடனே எழுத முடியவில்லை.

ஆனாலும் உன்னை அப்படியே விட மனமில்லை. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாதே. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை, வளைவுக்குள் குறைக்காதே.

மாதேஷ்

—

மஞ்சக்குட்டை
12.5.2025

என் கண்ணு மாதேஷுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எம்மவனப் பேசியே முடக்கிட்டானே" என்று மட்டும் சொன்னாள். அன்று அவள் சமைக்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் பஸ் பிடித்து சேலம் போனேன். தனபாலிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஏனுங்க தனபாலு, பிரேக்க மிதிக்காம ஆக்சிலேட்டர மிதிச்சிருந்தா அந்தப் பைப்பு வெடிச்சிருக்குமா?"

அவர் சிரித்துவிட்டார். "எப்படீங்க வெடிக்கும்? மிதிச்சாத்தான அதுக்குள்ள அழுத்தமே வரும். ரெண்டு லைன்ல ஒண்ணு முன்னாடியே கசிஞ்சு காஞ்சு போயிருந்துச்சு. இன்னொண்ணு துருப்பிடிச்சு மெலிஞ்சு இருந்துச்சு. அவரு பலங்கொண்ட மட்டும் மிதிச்சிருக்காரு, அது பிளந்துகிட்டுது. ஆயிலு பீச்சி சக்கரம் உள்பக்கமெல்லாம் படிஞ்சிருந்துச்சுங்க. நான்தான தொடச்சன். மிதிக்காத காலுக்கு அப்படி பீச்சாதுங்க."

கேட்டுக்கொள் மாதேஷ். உன் கால் பிரேக்கில்தான் இருந்தது. பைப் வெடித்ததே நீ மிதித்ததால்தான். ராஜேந்திரன் உன் தலையைத் தடவிக்கொண்டு சொன்னதெல்லாம் பொய். சொல்லும்போது அது பொய் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அந்த நேரத்தில் அந்தப் பைப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

நீ எழுதியதை தனபாலிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஓட்டுனவரு தன் மேலயே சந்தேகப்பட்டுட்டு இருக்காருங்களா?" என்று கேட்டார். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "தேதி எப்பன்னு சொல்லுங்க அம்மணி, நான் வர்றன்" என்றார்.

அங்கிருந்து நாகலூரில் தெரசம்மாள் வீட்டுக்குப் போனேன். இந்த இரண்டு வருடத்தில் நான் அந்த வாசலை மிதித்ததில்லை. என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டாள். சாத்திய கதவுக்கு வெளியே நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்து ரோட்டுக்கு வந்தபோது கதவு திறந்தது. "மறுபடியும் மொதல்ல இருந்து சொல்லு" என்றாள்.

நீ வா. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

அக்கா

—

இயேசு மரி சூசை துணை

நாகலூர்
15.6.2025

மாதேஷுக்கு,

தெரசம்மாள் எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறேன். கட்டைக்கோலை ஊன்றி நடக்கிறேன். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடமாக உன்னைச் சபித்தேன். அதை மறைக்க மாட்டேன். கோயிலில் உட்கார்ந்துகூடச் சபித்திருக்கிறேன். இனி அந்தச் சாபம் போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. வெடித்த பைப்புக்கு நீ என்ன செய்வாய், அதில் மன்னிக்க ஒன்றும் இல்லை. ஆனால் நீ ஓடிப்போனாய். அதை விடமாட்டேன். கோர்ட்டில் ராஜேந்திரனுடைய வக்கீல், "தப்புச் செய்யாதவன் எதுக்கு ஊரை விட்டு ஓடணும்?" என்று கேட்கிறார். என் வக்கீலுக்குப் பதில் தெரியவில்லை. பதில் உன்னிடம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் உன் அக்கா அந்த வண்டியோடு நிற்கிறாள். "ஏறுங்க" என்றாள். கோயில் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொன்னால் வாழ்நாள் முழுக்க அந்த வண்டியைக் கண்டு ஒளிய வேண்டும். ஏறிவிட்டேன். சீட்டு தரையோடு தரையாக இருக்கிறது. என் காலை உள்ளே வைப்பதற்கு உன் அக்கா குனிந்து தூக்கிவிட்டாள்.

அந்த வளைவில் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். நின்றது. எனக்கு அழுகை வரவில்லை. வண்டி நின்றது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஏரிப் பக்கம் போகச் சொன்னேன். ராஜேந்திரன் ஓட்டல் வாசலில் நிறுத்தி ஆரன் அடிக்கச் சொன்னேன். உன் அக்கா, "எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். "அவரு வெளிய வர்ற வரைக்கும்" என்றேன். வந்தார். பார்த்தார். கிளம்பி வந்துவிட்டோம்.

ஆகஸ்ட் மாதம் வாய்தா. மெக்கானிக் வருகிறார். நீயும் வருகிறாய். நீ வராவிட்டாலும் நான் போய் நிற்பேன். ஒற்றைக் காலோடு நிற்கிற நானே போகும்போது, இரண்டு காலும் இருக்கிற உனக்கு என்ன?

தெரசம்மாள்

—

கோர்பா
3.7.2025

அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

நலம்தான். உங்கள் நலத்தை இனி நேரில் வந்தே கேட்டுக்கொள்கிறேன்.

தெரசம்மாள் அக்காவின் கடிதத்தை செல்லப்பன் அண்ணனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

பகலெல்லாம் அது அங்கேயே இருந்தது. சாயங்காலம் எடுத்தேன். சைட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற மண் சரிவு நல்ல செங்குத்து. பைப் ஏற்றிய லாரியை இரண்டாம் கியரில் இறக்கினேன். பாதியில் வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தேன். நின்றது. மறுபடி நகர்த்தி மறுபடி மிதித்தேன். என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

டிக்கெட் போட்டாகிவிட்டது. ராஜேந்திரன் கேட்டால், ஓட்டினவன் வருகிறான் என்று சொல்.

மாதேஷ்

—

மஞ்சக்குட்டை
21.9.2025

மதிப்புக்குரிய செல்லப்பன் அண்ணனுக்கு,

மாதேஷ் வணக்கத்தோடு எழுதுகிறேன். நீங்களும் ரிக் ஆட்களும் சௌக்கியமா? உங்கள் சர்க்கரைக்கு மாத்திரையை விடாமல் போடுங்கள். திரும்பி வருகிறாயா என்று போனில் கேட்டீர்கள். போனில் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் வரவில்லை அண்ணா. பொன்னுவேலுக்கு இன்னொரு ஜீப் வந்திருக்கிறது. மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே நான் ஓட்டுகிறேன். முதல் வாரம் ஆட்கள் ஏறத் தயங்கினார்கள். அம்மா தினமும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வேலையே இல்லாமல் ஏற்காடு போய் வந்தாள். இப்போது ஏறுகிறார்கள்.

கோர்ட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ராஜேந்திரனின் வக்கீல் என்னைப் பார்த்து, "அன்னைக்கு நீங்களே குத்தத்த ஒத்துக்கிட்டீங்களே, இன்னைக்கு மட்டும் எப்படி மாறுச்சு?" என்றார்.

"அன்னைக்குச் சொன்னது அவரு சொல்லிக் கொடுத்ததுங்க. கேட்டுக் கேட்டு நானும் நம்பிட்டன். இன்னைக்குச் சொல்றது நான் ஓட்டுனது" என்றேன்.

தனபால் அண்ணன் தடுமாறாமல் சொன்னார். அடுத்து ராஜேந்திரனைக் கூண்டில் ஏற்றி, இன்ஸ்பெக்டர் வருமுன் பிரேக்கை மாற்றினீர்களா என்று கேட்டார்கள். முதலில் நினைவில்லை என்றார். பில்லைக் காட்டியதும், "ஒரு பாதுகாப்புக்காக மாத்துனதுங்க" என்றார். தெரசம்மாள் அக்கா பெஞ்சில் உட்கார்ந்தபடியே, "யாரு பாதுகாப்புக்கு?" என்று கேட்டார். ஜட்ஜ் அவரைப் பேசக் கூடாது என்றார். கேட்டாகிவிட்டது.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. வரட்டும். மாற்றினேன் என்று அவர் வாயாலேயே சொன்னதை மலை முழுக்கக் கேட்டுவிட்டது.

நேற்று அக்காவும் நானும் தனபால் அண்ணனிடம் சிவப்பு வண்டியைக் காட்டிவிட்டு மலை ஏறினோம். நான் ஓட்டினேன். மேலே ஒரு வளைவில் மழைக்குப் பாறை சரிந்து பாதி ரோடு அடைந்திருந்தது. ஒரு வண்டிதான் போகலாம். எதிரே இறக்கத்தில் ராஜேந்திரனின் பெரிய கார். அவரே ஓட்டி வந்தார். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். மலையில் எல்லோருக்கும் தெரிந்த விதி. அவர் ஆரன் அடித்தார். லைட் போட்டுக் காட்டினார். என்னைப் பின்னால் போகச் சொல்லிக் கையை ஆட்டினார்.

"என்னடா பண்ணப்போற?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் பண்ணலக்கா" என்றேன். பிரேக்கை மிதித்துக்கொண்டு அப்படியே நின்றேன். செங்குத்தான ஏற்றம். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் நகரவில்லை.

எங்களுக்குப் பின்னால் பஸ் வந்தது, காய்கறி வண்டி வந்தது, எல்லாம் நின்றன. யாரும் என்னை நகரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் கியரை மாற்றினார். அந்தப் பெரிய கார் மெதுமெதுவாகப் பின்னால் ஏறிப்போனது. வழி விட்டதும் நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

என்றும் மறவாத
மாதேஷ்